மாடியில் காயவைத்த பெட்ரோல் டேங்க்

2006 செப்டம்பர் 9, சனிக்கிழமை. வழக்கம்போல் ஐந்து மணிக்கு எழுந்தேன். தெருக்குழாயில் தண்ணீர் ஐந்தரைக்கு வந்தது. குடங்களை நிரப்பி, டிரம்மை மூடி, வாசலைத் தெளித்துவிட்டுப் பால் காய்ச்சினேன். பள்ளிக்கூட அலுவலகத்துக்கு முந்தின நாளே லீவு எழுதிக் கொடுத்திருந்தேன். ஏழு மணிக்கு மீன்காரம்மா வந்தாள். வஞ்சிரத்தில் நடுத்துண்டாக வேண்டும் என்றேன். "இன்னாக்கா, மாப்ள வராரா?" என்றாள். "மகன் வரான்" என்றேன்.

மூன்று வருஷம் கழித்து அவன் ஷார்ஜாவிலிருந்து வந்துகொண்டிருந்தான். இரண்டு மாத லீவு. விமான நிலையத்துக்கு யாரும் வரவேண்டாம், கூட வேலை செய்யும் ஒருவன் மாதவரத்துக்குப் போகிறான், அவன் காரிலேயே வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தான். அதனால் அன்று காலை எங்களுக்கு வீட்டில் காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. என் வீட்டுக்காரருக்கு மட்டும் ஒரு வேலை இருந்தது. விடிவதற்கு முன்பே கீழே இறங்கி, மாடிப்படிக்கு அடியில் நின்ற மகனுடைய மோட்டார் சைக்கிளுக்கு டேங்க்கை மாட்டிக்கொண்டிருந்தார்.

அது வெளிநாட்டு வண்டி. கப்பலில் வந்து, துறைமுக ஏலத்தில் யாரோ எடுத்து, ராயபுரத்தில் இரண்டு கை மாறி எங்கள் வீட்டுக்கு வந்தது. உயரமான வண்டி, மெல்லிய உடம்பு, வெள்ளை டேங்க். லேத் பட்டறையில் வேலை பார்த்து அவனே வாங்கியது. அதை ஒன்றரை வருஷம் ஓட்டினான். டோல்கேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் அந்தச் சத்தத்தைக் கேட்டால் யார் வருவது என்று தெரியும். ஷார்ஜாவுக்குக் கிளம்பும் அன்று காலையில்கூட அதைத் துடைத்துவிட்டுத்தான் குளிக்கப் போனான். அப்பாவிடம் அவன் ஒப்படைத்த பொருள் அது ஒன்றுதான்.

அந்த டேங்க் இரும்பு அல்ல, பிளாஸ்டிக். பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது.

திருவொற்றியூரில் கடல்காற்று இரும்பை விட்டுவைக்காது. ஜன்னல் கம்பி, சைக்கிள் ரிம், வீட்டுப் பூட்டு எல்லாம் உதிரும். என் வீட்டுக்காரர் எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். அவருடைய பழைய வண்டியின் டேங்கில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டைகள் விழுந்தன. பார் சோப்பைத் தேய்த்து அடைத்துக்கொண்டே பல வருஷம் ஓட்டினார். நிற்கிற வண்டியின் டேங்க்கைக் கழுத்துவரை ரொப்பி வைத்தால் உள்ளே காற்றுக்கு இடம் இருக்காது, துருவும் ஏறாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். மகன் போகும்போதே சொன்னான்.

"நைனா, இது பிளாஸ்டிக்கு. துருவெல்லாம் புடிக்காது."

"அப்ப மூடி இன்னா, அதுவும் பிளாஸ்டிக்கா? பூட்டு இரும்புதானே? நீ போய்ட்டு வாடா, நான் பாத்துக்கறேன்."

மூன்று வருஷம் பார்த்துக்கொண்டார். மாதா மாதம் சம்பளம் வாங்கிய மறுநாள் கேனை எடுத்துக்கொண்டு பெட்ரோல் பங்குக்குப் போவார். ஆவியாகிக் குறைந்ததை மறுபடியும் கழுத்துவரை ரொப்புவார். ஞாயிற்றுக்கிழமை மகனிடமிருந்து போன் வந்தால் நான்தான் முதலில் பேசுவேன். அவர் பக்கத்தில் நின்றுகொண்டு, "டேங்க் ரொப்பிட்டன்னு சொல்லு" என்பார். நானும் சொல்வேன். மகன் சிரிப்பான். போன ஒரு வருஷமாகச் சிரிக்காமல், "சரிம்மா" என்று மட்டும் சொன்னான். கடிதம் எழுதுவதையும் அதற்குள் நிறுத்திவிட்டிருந்தான். போன்தான் இருக்கிறதே என்று நானும் கேட்கவில்லை.

ஆகஸ்டில் லீவு கிடைத்த செய்தி வந்ததும் கார்புரேட்டரைச் சுத்தம் செய்ய டேங்க்கைக் கழற்றினார். வேலை முடிந்து திரும்ப மாட்டும்போது அது உட்காரவில்லை. முன்பக்கம் ரப்பரில் ஏறினால் பின்பக்க போல்ட் துளை ஃபிரேமைத் தாண்டி ஒரு விரல் அகலம் தள்ளி நின்றது. பின்பக்கத்தைப் பிடித்து அழுத்தினால் முன்பக்கம் எகிறியது. வண்டி இருட்டு மூலையில் நின்றதால் அதுவரை எங்கள் கண்ணில் படவே இல்லை. வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோதுதான், பக்கங்கள் இரண்டும் புடைத்து, டேங்க் ஊதிப்போயிருந்தது தெரிந்தது.

தண்டையார்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் பாய் வந்து பார்த்தார். அந்த வண்டியை வாங்கிய நாளிலிருந்து மகனுக்கு அவர்தான் மெக்கானிக்.

"இன்னாண்ணே, புள்ளத்தாச்சி மாரி கீது. எத்தினி மாசம்?"

"மூணு வருசமா ரொப்பிகினுதான் கீறேன் பாய். சொட்டுத் துரு இல்ல."

"துரு ஏன் வரப்போது? பிளாஸ்டிக்கு பெட்ரோல குடிச்சிக்கினு ஊதிப் பூட்ச்சு. இப்ப பெட்ரோல்லயும் எத எதயோ கலந்து வுடுறானுங்க. இதுக்கு முன்ன நான் இப்பிடி ஒண்ணப் பாத்ததில்ல."

"சரியாவுமா?"

"காலி பண்ணு. மூடியத் தொறந்து காத்தாட வை. அமுங்கினா அமுங்கும். இல்லாங்காட்டி வேற டேங்கு தேடணும். இந்த வண்டிக்கு எங்க போய்த் தேடுவ? கப்பல்லதான் தேடணும்."

என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. "புள்ள வந்து எறங்குன அன்னிக்கே இதுல ஏறி டோல்கேட்டத் தாண்டிப் போவணும் பாய். அது மட்டும் எனக்குப் போதும்" என்றார். அவர் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. தனக்கென்று எதையும் வாய்விட்டுக் கேட்கிற மனிதர் அல்ல.

மூன்று வாரம் டேங்க் மொட்டைமாடியில் இருந்தது. தண்ணீர்த் தொட்டியின் நிழலில், கடல்காற்று படும் இடமாகப் பார்த்து வைத்தார். சைக்கிள் டியூபை நீளநீளமாக வெட்டி அதன் வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். யாரும் பக்கத்தில் பீடி பற்றவைக்கக் கூடாது என்று மாடிக் குடித்தனக்காரர்களிடம் சொல்லிவைத்தார். மாலையில் வேலைவிட்டு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் மேலே போவார். தையல் டேப்பை எடுத்துக்கொண்டு நானும் போவேன். நான் அளவு சொல்வேன், அவர் தலையாட்டுவார். முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது வாரத்திலிருந்து டேங்க் கொஞ்சம் கொஞ்சமாக ஒடுங்கியது. ஆனாலும் பழைய அளவுக்கு வரவில்லை. மீதி வித்தியாசத்துக்கு ஃபிரேமில் இருந்த பட்டியின் துளையை அவர் அரத்தால் ராவி நீளமாக்கினார்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கீழேயிருந்து குரல் வந்தது. "ஏய், உக்காந்துச்சு! எறங்கி வா!" மாவுக்கையோடு ஓடினேன். இரண்டு போல்ட்டும் ஏறியிருந்தன. பெட்ரோல் ஊற்றினார். பாயும் வந்திருந்தார். ஒரே உதையில் வண்டி கிளம்பியது. படிக்கட்டு முழுக்கப் புகை. மூன்று வருஷத்தில் அவர் முகத்தை அன்றைக்குப் போல நான் பார்த்ததில்லை.

பன்னிரண்டு மணிக்கு மேல் கார் வந்து நின்றது. மகன் இறங்கினான். கறுத்திருந்தான், மெலிந்திருந்தான். முழுக்கைச் சட்டை. பை இடதுதோளில் தொங்கியது. நான் கட்டிக்கொண்டேன். அவன் இடதுகையால் என் முதுகைத் தட்டினான். மேலே போய் முதலில் தண்ணீர் குடி என்றேன். அப்பா விடவில்லை.

"அதெல்லாம் அப்பறம். மொதல்ல இத்தப் பாரு."

வண்டியை வெயிலில் இழுத்து நிறுத்தியிருந்தார். மகன் அதைச் சுற்றி ஒரு தரம் வந்தான். டேங்கின் மேல் இடதுகையை வைத்தான்.

"இன்னா நைனா, குண்டாயிடுச்சு?"

"அது பெரிய கதை. நீ ஏறு, சொல்றேன்."

"சாயங்காலம் ஏறிக்கிறேன் நைனா."

"சாயங்காலம் இன்னா? ஏறுடா. உங்கம்மா பாக்கட்டும்."

ஏறி உட்கார்ந்தான். இடதுகை ஹேண்டில்பாரில். வலதுகை பேன்ட் பாக்கெட்டுக்குள். ஓர் உதை உதைத்தான், வண்டி ஸ்டார்ட் ஆகி, நின்ற இடத்திலேயே உறுமியது. பாய்க்குக் கேலி வந்துவிட்டது.

"இன்னா ஷார்ஜா சேட்டு, ஒத்தக் கையாலயே ஓட்டுவியா? பாக்கெட்ல இன்னா, தங்கக்கட்டியா? பயப்படாத, யாரும் புடுங்க மாட்டோம்."

மகன் பாயைப் பார்த்தான். பிறகு அப்பாவைப் பார்த்தான். கையை வெளியே எடுத்து டேங்கின் மேல் வைத்தான். கட்டைவிரலும் சுண்டுவிரலும் இருந்தன. நடுவில் மூன்று விரல்களும் இல்லை. தழும்பு பளபளவென்று இருந்தது. புதிய காயம் அல்ல.

பாய் குனிந்து சாவியைத் திருப்பி வண்டியை நிறுத்தினார். அதன்பிறகு தெருவின் மற்ற சத்தங்கள் எல்லாம் தனித்தனியாகக் கேட்டன.

"எப்போ?" என்று அவன் அப்பா கேட்டார்.

"போன வருசம் ஆடி மாசம். பிரஸ் மெஷின் நைனா. இப்ப ஸ்டோர்லதான் கீறேன், வேலையெல்லாம் ஒண்ணும் கஷ்டமில்ல."

"ஒரு வார்த்த சொல்லலியேடா."

"எப்பிடி சொல்றது? சொல்லணும்னுதான் ஒவ்வொரு வாட்டியும் போன் பண்ணுவேன். எடுத்ததும் அம்மா சொல்லும், நைனா இன்னிக்கும் டேங்க் ரொப்பிட்டாருன்னு. அதுக்கு மேல எனக்கு வாய் வராது."

பாய் தலையில் கைவைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். "டேய், என்ன மன்னிச்சுக்கடா" என்றார். மகன், "உடு பாய், உனக்கு இன்னா தெரியும்" என்று சொல்லிவிட்டு இறங்கினான். வண்டிக்கு ஸ்டாண்டு போட இடதுகையால் இழுத்தான். அது சாயப்பார்த்தது. அவன் அப்பா பிடித்துக்கொண்டார்.

மேலே போய் இலை போட்டேன். மகன் ஸ்பூன் கேட்டான். எங்கள் வீட்டில் சர்க்கரை டப்பாவுக்குள் ஒரு சின்ன ஸ்பூன்தான் இருந்தது. அதைக் கழுவிக் கொடுத்தேன். வஞ்சிரத்தின் முள்ளை எடுத்து, சின்னச்சின்னதாக உதிர்த்து வைத்தேன். சுவர்ப்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, இடதுகையால் சாப்பிட்டான். ருசி எப்படி என்று நான் கேட்கவில்லை. நல்லாயிருக்கும்மா என்று அவனாகச் சொன்னான்.

அவன் அப்பா சாப்பிட வரவில்லை. இரண்டு தரம் கூப்பிட்டேன். படிக்கட்டின் பாதியில் நின்று பார்த்தேன். வண்டியின் வலதுபக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஆக்ஸிலேட்டர் கைப்பிடியை மெதுவாக முறுக்குவதும் விடுவதுமாக இருந்தார். கட்டைவிரலாலும் சுண்டுவிரலாலும் மட்டும் பிடித்து முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அது நழுவியது. மறுபடியும் பிடித்தார். நான் சத்தம் செய்யாமல் மேலே ஏறிவிட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஐந்து மணிக்கு நான் குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கியபோது இருவரும் கீழே இருந்தார்கள். ரப்பர் குழாயின் ஒரு முனை டேங்குக்குள்ளும் மறுமுனை கேனுக்குள்ளும் இருந்தன. அப்பா கேனைச் சாய்த்துப் பிடிக்க, மகன் இடதுகையால் குழாய் நழுவாமல் பிடித்துக்கொண்டிருந்தான். முந்தின நாள் ஊற்றிய பெட்ரோலை, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.