செண்பக மரத்தில் ஒரு கயிறு

நசரத்பேட்டையில் எங்கள் வீட்டுச் செண்பக மரத்தைக் கழிக்க, மழைக்கு முன் குமணன்சாவடியிலிருந்து ஒருவரை அழைத்து வந்தேன். ஒல்லியான உடம்பு, காய்த்துப்போன முழங்கால்கள். கிளைக்குக் கிளை மாறும்போதெல்லாம் இடுப்புக் கயிற்றின் முடிச்சை மூன்று முறை இழுத்துப் பார்த்துக்கொள்வார். நான் கீழே நின்று, "பாத்துங்க, பாத்துங்க" என்று கத்திக்கொண்டே இருந்தேன்.

பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் சாய்ந்த கிளையை மட்டும் அவர் வெட்டவில்லை.

"அதுதாங்க முக்கியம். காத்தடிச்சா கூரைமேல விழுந்துடும்."

"அணில் கூடு கீது சார். குஞ்சுங்க இன்னும் கண்ணே தொறக்கல. பத்து நாள் கயிச்சு வரேன்."

"அதுவரைக்கும்?"

அவர் தன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து, கிளையை நடுமரத்தோடு இழுத்துக் கட்டிவிட்டு இறங்கினார்.

இரண்டு மாதமாகிறது. குஞ்சுகள் ஓடிவிட்டன. இத்தனை மழையிலும் கிளை அசையவில்லை. அவரைத்தான் காணோம், குமணன்சாவடியில் கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. வேறு கயிறு வாங்கியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் காற்று எழும்பினால் இப்போது நான் கூரையைப் பார்ப்பதில்லை. எந்த மரத்தின் உச்சியில் நின்று, இல்லாத முடிச்சுக்காக இடுப்பைத் தடவுகிறாரோ என்றுதான் பதறுகிறது.