ஹேல் பண்ணை வழியாக

நெதர்கூம் கிராமத்தில் நீங்கள் பக்கத்துத் தோட்டத்து ஆப்பிளைத் திருடலாம். மதுக்கடையில் உளறலாம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிரசங்கத்தின்போது குறட்டைகூட விடலாம். ஊர் பொறுத்துக்கொள்ளும். நாலு பேர் முன்னால் ஒருவரைச் சங்கடப்படுத்தினால் மட்டும் தொலைந்தீர்கள். அப்போதும் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். உங்களைக் கண்டதும் வானத்தைப் பார்த்து, "மழை வரும்போல இருக்கே" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அது போதும், ஆளைக் கொல்ல.

எனிட் டக்கெட் அந்த ஊரிலேயே பிறந்து அந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவள். அறுபதை நெருங்கும் வரை அந்தத் தப்பை அவள் ஒருமுறையும் செய்ததில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. கனத்த உடம்பு, இடது இடுப்பில் தீராத வலி. கோடைத் திருவிழாவில் அவளுடைய எலுமிச்சைக் கேக்குக்குத்தான் முதல் பரிசு என்பது போட்டி தொடங்கும் முன்பே எல்லோருக்கும் தெரியும். இப்படிப்பட்டவள் ஊரே வானத்தைப் பார்க்கும்படி நடந்துகொண்டாள் என்றால், அதற்கு ஓர் ஒற்றையடிப் பாதைதான் காரணம்.

ஆற்றை ஒட்டி இருக்கும் கொஞ்சம் வீடுகளுக்குக் கீழ்முனை என்று பெயர். எனிட்டின் வீடு அங்கேதான். கோயில், பள்ளிக்கூடம், கடை, பேருந்து நிற்கிற இடம் எல்லாம் மேட்டில். நடுவில் ஹேல் பண்ணை. வயலைக் குறுக்கே கடந்து, பண்ணை வீட்டு முற்றத்தை ஒட்டிப் போய், இரட்டைக் கேட்டைத் தள்ளினால் கோயில் தெரு வந்துவிடும். தார்ச்சாலையில் போனால் ஊரையே சுற்ற வேண்டும். அதுவும் மழைக்காலத்தில் சாலை ஆற்றோடு ஆறாகக் கிடக்கும். எனிட்டின் அப்பா செத்த வாரம் அப்படித்தான் கிடந்தது. சவப்பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஆட்கள் வயல் சேற்றில் நடந்தார்கள். யாரும் யாரிடமும் கேட்கவில்லை. அன்றைய பண்ணைக்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒதுங்கி நின்றார், அவ்வளவுதான்.

இத்தனை காலம் நடந்த பாதை, ஊர்வழிகளைக் குறிக்கும் அரசாங்க வரைபடத்தில் இல்லை. அதிகாரிகள் வரைபடம் போட வந்தபோது ஊர்க்கூட்டத்தில் அந்தப் பேச்சே எழவில்லை. பண்ணைக்காரர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், அவர் எதிரில் எப்படி எழுப்புவது?

அந்தப் பண்ணையை, லண்டனில் காப்பீட்டுக் கம்பெனியில் சம்பாதித்து ஓய்வுபெற்ற ஆம்ஸ்பி என்பவர் வாங்கினார். அவர் முள்கம்பி போடுகிற ஆளாக இருந்திருந்தால் எனிட்டுக்கு வேலை சுலபம், ஊரே கொதித்திருக்கும். மனிதர் தங்கம். பாதையில் சேறு தேங்கும் இடமெல்லாம் சரளை கொட்டினார். இடுப்பு வலிக்காரர்கள் உட்கார ஒரு பெஞ்சு போட்டார். துருப்பிடித்துத் தொங்கிய கேட்டைச் செப்பனிட்டு, இரண்டு பாதியும் விரல் பட்டாலே திறக்கும்படி செய்தார். கடைசியாக அதன் பக்கத்தில் பச்சை எழுத்தில் ஒரு பலகை நட்டார்: "அன்புடன் வரவேற்கிறோம். உரிமையாளரின் அனுமதியோடு இவ்வழியே செல்லலாம்."

அந்தப் பலகையின் அர்த்தம் தெரியாத ஆள் நாட்டுப்புறத்தில் கிடையாது. வருஷக்கணக்காக யாரையும் கேட்காமல் நடந்தால் அது ஊர்வழி. அனுமதி வாங்கி நடந்தால் அது அவர் வீட்டு வழி. இன்றைக்குக் கொடுப்பார், நாளைக்கு மறுப்பார், இல்லை அவர் பிள்ளை மறுப்பான். எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே எல்லோரும், "எவ்வளவு அழகான எழுத்து!" என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். எனிட் மட்டும் பலகையின் முன்னால் கூடையும் கையுமாக நின்றுவிட்டாள்.

அன்று சாயங்காலம் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே புருஷனிடம் பேச்சை எடுத்தாள். வில்ஃப் ஒல்லியான, சாதுவான ஆள். சத்தமாகத் தும்மவே கூச்சப்படுவான். ஆம்ஸ்பியின் தோட்டத்தில்தான் அவனுக்கு வேலை.

"பலகையப் பார்த்தியா?"

"பார்த்தேன். குழி வெட்டி நட்டதே நான்தான்."

கத்தி நின்றது. "படிச்சுப் பார்த்துட்டுத்தான் நட்டியா?"

"படிச்சேன். எனிட், அந்த மனுஷன் நம்மகிட்ட எவ்வளவு மரியாதையா இருக்கார். மழை பெய்ஞ்சா உள்ள வந்து டீ குடின்னு சொல்றார். ஒரு பலகைக்காகப் போய்…"

"எங்கப்பா பெட்டி அந்த வழியா போச்சு, வில்ஃப். யாரோட அனுமதியில போச்சு?"

வில்ஃப் அடுப்பில் கரி போதுமா என்று எழுந்து போய்ப் பார்த்தான். கரி நிறையவே இருந்தது.

மறுநாளிலிருந்து எனிட் அந்த வழியில் நடப்பதை ஒரு வேலையாகவே வைத்துக்கொண்டாள். வேலை இல்லாத நாளிலும் போவாள், மேலே ஒன்றும் வாங்க வேண்டியதில்லை என்றாலும் போவாள். ஆம்ஸ்பி எதிர்ப்பட்டு, "தாராளமா போங்க, மிஸஸ் டக்கெட்" என்றால், "போய்க்கிட்டுத்தான் இருக்கேன்" என்பாள். சரளை போட்ட இடத்தை விட்டு விலகிப் பக்கத்துச் சேற்றில் மிதித்து நடந்தாள். இது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் கோபம் வந்த மனுஷியிடம் போய் அளவு பார்க்கச் சொல்ல முடியுமா?

ஊருக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு எரிச்சல் வந்தது. கடையும் தபாலும் ஒன்றாக நடத்துகிற டில்லி பார்ஃபிட் ஒருநாள் கல்லாவுக்குப் பின்னாலிருந்து குரலைத் தாழ்த்தினாள். அவள் எனிட்டோடு ஒரே பெஞ்சில் படித்தவள்.

"எனிட், மாதர் சங்கத்துல பேசிக்கிட்டோம். சரளை போட்டதுக்கும் பெஞ்சுக்கும் மிஸ்டர் ஆம்ஸ்பிக்கு நன்றின்னு எழுதி ஒரு கேக் கொடுக்கலாம்னு. உன் எலுமிச்சைக் கேக்."

"சுட மாட்டேன்."

"என்னடி, ஒரு கேக்தானே!"

"அனுமதிக்கு நன்றின்னு ஊரே சேர்ந்து எழுதிக் கொடுக்குறதுக்கா? அதுக்கு என் முட்டையும் என் வெண்ணெயுமா?"

"ஊர்ல நல்லது செய்றவங்களே ரொம்பக் கம்மி. அவங்களையும் நீ விரட்டிருவ போல."

"நல்லது செய்யட்டும், டில்லி. நான் தடுக்கலையே. ஏற்கெனவே நம்மகிட்ட இருக்குறதை நமக்கே தானமா கொடுக்க வேண்டாம்னுதான் சொல்றேன்."

டில்லி ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தாள். "மழை வரும்போல இருக்கே," என்றாள். எனிட்டுக்குக் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. கேக்கை வேறு யாரோ சுட்டார்கள். அது நடுவில் அமுங்கிப் போயிருந்தது என்று கேள்விப்பட்டபோது அவளுக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இங்கே மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

குளிர்காலம் தொடங்கியதும் ஆம்ஸ்பியே கீழ்முனைக்கு வந்தார். வாசலில் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, காலுறையோடு சமையலறைக்குள் வந்து உட்கார்ந்தார். கையில் ஒரு கூடை பேரிக்காய். எனிட் டீ போட்டுக் கொடுத்தாள். இருவரும் கொஞ்ச நேரம் பனியைப் பற்றிப் பேசினார்கள். பிறகு அவர் தொண்டையைச் செருமினார்.

"வர்ற பிப்ரவரி முதல் செவ்வாய்க்கிழமை மட்டும் கேட்டப் பூட்டி வெக்கச் சொல்றார் எங்க வக்கீல். வருஷத்துல ஒரு நாள். வெறும் சம்பிரதாயம். நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாதேன்னு நேர்ல சொல்ல வந்தேன்."

"அன்னைக்கு நாங்க யாரும் நடக்கலேன்னா, உங்க அனுமதிய ஏத்துக்கிட்டதா ஆயிடும். அதுதானே சம்பிரதாயம்?"

ஆம்ஸ்பியின் காது சிவந்தது. நெதர்கூமில் யாரும் இப்படி விஷயத்தை மேசை மேல் போட்டு உடைப்பதில்லை.

"மிஸஸ் டக்கெட், நான் என்னைக்காவது உங்கள நடக்க வேண்டாம்னு சொல்லியிருக்கேனா?"

"இல்லைங்க."

"சொல்லவும் மாட்டேன்."

"தெரியும். நீங்க நல்லவரு. உங்களுக்கப்புறம் பண்ணைய வாங்கப்போறவரு யாரோ, அவரை எனக்குத் தெரியாதே. அவரும் நல்லவரா இருக்கணும்னு கீழ்முனைப் பிள்ளைங்க சாமி கும்பிட்டுக்கிட்டே பள்ளிக்கூடம் போகணுமா?"

"அப்போ வழி வேணும், என் அனுமதி வேண்டாம்கிறீங்க."

"ஆமாங்க. இன்னும் கொஞ்சம் டீ ஊத்தட்டுமா?"

அவர் ஊற்றச் சொன்னார். குடித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டுத்தான் போனார். பேரிக்காய்க் கூடையை எனிட் திருப்பிக் கொடுக்கவில்லை. பேரிக்காயின் மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் வந்தது. விடியும்போதே பனியும் மழையும் கலந்து அடித்தது. வில்ஃப் வேலைக்குக் கிளம்பும்போது கதவருகே தயங்கி நின்றான்.

"இன்னைக்கு மட்டும் சாலை வழியா போயேன். ஒரே ஒரு நாள்."

"அந்த ஒரு நாளுக்காகத்தான் மத்த நாளெல்லாம் நடந்தேன்."

"நான் அங்கதான் நிப்பேன், எனிட். அவர் பக்கத்துல. எனக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சியா?"

யோசித்திருந்தாள். ராத்திரி முழுக்க அதைத்தான் யோசித்துக்கொண்டு கிடந்தாள். அவனுக்கு இந்த வயதில் வேறு வேலை கிடைக்காது. ஆனாலும் அவள் "தொப்பிய இழுத்து விட்டுக்கோ, குளிரும்" என்று மட்டும் சொன்னாள்.

அவன் போன பிறகு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள். வயலில் அவளைத் தவிர ஆள் இல்லை. கீழ்முனைத் தாய்மார்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அன்றைக்குப் பார்த்துச் சாலையைச் சுற்றிப் போயிருந்தார்கள். முற்றத்தைத் தாண்டியதும் கேட் தெரிந்தது. இரண்டு பாதியையும் சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம், கோயில் தெருவில், டில்லி கடை வாசலைப் பெருக்குவது போல நின்றாள். சுற்றி வந்த தாய்மார்களும் அங்கேதான் நின்றார்கள். அந்த மழையில் யாருக்கும் வீட்டுக்குப் போக மனமில்லை.

எனிட் கூடையைக் கம்பிகளுக்கு மேலாகத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தாள். குறுக்குக் கம்பியில் காலை வைத்தபோது பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்டது. ஆம்ஸ்பி ஓடி வந்துகொண்டிருந்தார். அவருக்குக் குடை பிடித்தபடி வில்ஃப் பின்னால் ஓடி வந்தான்.

"வேண்டாம், மிஸஸ் டக்கெட்! அந்த இடுப்ப வெச்சுக்கிட்டு ஏறாதீங்க. விழுந்தா நான் என்னை மன்னிக்கவே மாட்டேன்."

அவர் சாவியை எடுத்தார். மனிதர் உண்மையாகவே பயந்துபோயிருந்தார். பூட்டைத் திறந்து, சங்கிலியை உருவி, கேட்டின் ஒரு பாதியை விரியத் திறந்து வைத்தார். மறு பாதி தாழ்ப்பாளோடு அப்படியே நின்றது.

"போங்க. உங்களுக்கு இல்லாததா? நான் திறந்து விடறேன், போயிட்டு வாங்க."

நாலு எட்டு வைத்தால் தெரு. எனிட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள், இவ்வளவு அன்பாக ஒருவர் வழிவிடும்போது மறுப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தெருவில் எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரொம்ப நன்றிங்க. வேண்டாம்," என்றாள்.

சொல்லிவிட்டு, திறந்திருந்த பாதியின் பக்கத்திலேயே, மூடியிருந்த மறு பாதியில் ஏறினாள். ஒவ்வொரு கம்பியாகக் காலை இழுத்து வைத்தாள். உச்சியில் ஒரு கால் அந்தப் பக்கமும் ஒரு கால் இந்தப் பக்கமுமாக உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். பாவாடை கம்பியில் சிக்கிக் கிழிந்தது. அதை விடுவிக்கக் குனிந்தபோது ஈரக் கம்பியில் கை வழுக்கியது. தெருவில், சேற்றுத் தண்ணீரில், இடுப்பு அடிபட விழுந்தாள்.

டில்லி வீல் என்று கத்தினாள். ஆம்ஸ்பி திறந்த பாதி வழியாகப் பாய்ந்து வந்து கையை நீட்டினார். எனிட் தலையை ஆட்டி மறுத்தாள். வலியில் குரல் வரவில்லை. அவருக்குப் பின்னால், குடையோடு, முகம் வெளுத்துப்போய் வில்ஃப் ஓடி வந்தான். திறந்த பாதியை நோக்கி வந்துகொண்டிருந்தான்.

அப்போது அவளுக்குக் குரல் வந்தது. சேற்றில் உட்கார்ந்தபடியே தெருவே அதிரும்படி கத்தினாள்.

"வில்ஃப்! அந்த வழியா வராதே! ஏறி வா!"

வில்ஃப் நின்றுவிட்டான். தெருவில் எல்லோரும் வானத்தை மறந்து அவனையே பார்த்தார்கள். அவன் முதலாளியைப் பார்த்தான், சேற்றில் கிடந்த மனைவியைப் பார்த்தான். பிறகு குடையை மடக்கித் திறந்த பாதியில் சாய்த்து வைத்துவிட்டு, மூடியிருந்த பாதியில் காலை வைத்தான். ஏறவே தெரியாதவன்போல ஏறினான். தொப்பி கழன்று விழுந்தது. தெருப் பக்கம் குதித்து வந்து, அவள் அக்குளுக்கடியில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கி நிறுத்தினான்.

ஆம்ஸ்பி நீட்டிய கையை மெதுவாகப் பைக்குள் வைத்துக்கொண்டார். எனிட்டும் வில்ஃபும் பள்ளிக்கூடத்தை நோக்கி நடந்தார்கள். அவள் முழுப் பாரத்தையும் அவன்மேல் போட்டு நொண்டினாள்.

"ரொம்ப வலிக்குதா?"

"உயிர் போகுது. உன் வேலை போயிருச்சுல்ல?"

"போயிருக்கும்." அவன் முகத்திலிருந்த மழைத்தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த பிப்ரவரிக்கு நீ தனியா ஏற வேண்டாம், எனிட். நான் முன்னால ஏறி அந்தப் பக்கம் நின்னு உன்னைப் பிடிச்சுக்குறேன். எனக்குத்தான் அன்னைக்கு வேற வேலை இருக்காதே," என்றான்.