பைலட்டக்கா பேச மறுத்த வரி

ஐந்தாம் பாகத்தை எழுதியவன் யாரென்று எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பது அவனுக்கு நல்லது. நான்கு பாகம், இரண்டு சினிமா, பதினெட்டு வருடம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து பார்த்த கதை. அதைப் பன்னிரண்டே எபிசோடில் குட்டிச்சுவராக்க ஒருவனால் முடிந்திருக்கிறது. அவனைப் பற்றி என் வாயில் வருவதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

நான் டப்பிங் ஸ்டுடியோவில் சவுண்ட் இன்ஜினியர். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அந்தப் பக்கம் பேசுகிறவர்களைப் பதிவு செய்து, வெட்டி, ஒட்டி, படத்தோடு சேர்ப்பது என் வேலை. கதை ஒன்றும் புரியாததல்ல. பதினைந்து மாடி உயர ரோபோ ஒன்று. எங்கள் தமிழில் அதற்கு இரும்புமலை என்று பெயர். அதன் நெஞ்சுக்கூட்டுக்குள் உட்கார்ந்து அதை ஓட்டுகிறவன் பதினான்கு வயதுப் பையன். கார்ட்டூன் என்று சொன்னால் சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு, அனிமே என்றுதான் சொல்ல வேண்டுமாம். எதுவானாலும் அந்தப் பையனின் குரல் ஒரு பெண்ணுடையது. ஸ்டுடியோவில் எல்லோருக்கும் அவர் பைலட்டக்கா.

முதல் பாகம் தொடங்கிய நாளில் அவர் பையனுக்குப் பேச வரவில்லை. கும்பல் சத்தம் போட வந்திருந்தார். சந்தையில் பேரம் பேசும் பெண்கள், அழுகிற கைக்குழந்தை, கோழி, இதெல்லாம்தான் அப்போது அவருக்குக் கிடைத்த வேடங்கள். பையனுக்குப் பேச அழைத்து வந்திருந்தவனுக்கு மீசை முளைக்கிற வயது. காலையில் இருந்த குரல் மதியம் இல்லை. இயக்குநர் தலையில் கைவைத்துக்கொண்டு, வேறு யாருக்காவது பையன் குரல் வருமா என்று கேட்டார். அக்கா கையைப் பாதி தூக்கிவிட்டுக் கீழே போட்டுக்கொண்டார். நான்தான் மைக்கில், "அந்தக்கா கை தூக்கினாங்க சார்" என்று போட்டுக்கொடுத்தேன்.

அன்றிலிருந்து அவர் பேசும் முறை மாறவேயில்லை. வளையல்களையும் வாட்சையும் கழற்றி ஸ்டூலில் வைப்பார், மைக்கில் கிணுகிணுக்கக் கூடாதென்று. செருப்பை வாசலிலேயே விட்டுவிடுவார். வலது கையை இறுக்க மூடி வயிற்றில் அழுத்திக்கொண்டு கத்துவார். அங்கே இரும்புமலை ஒரு குத்து விட்டால் இங்கே மூச்சு வாங்குவது அக்காவுக்கு. ஒரு சண்டை முடிந்ததும் பிளாஸ்கிலிருந்து வெந்நீரைக் குடித்துவிட்டு, "தம்பி, ஜெயிச்சிட்டோமா?" என்று கேட்பார். நான் கண்ணாடி வழியாகக் கட்டைவிரலைக் காட்டினால்தான் உட்காருவார்.

அந்தக் குரல் அவர் தொண்டையிலேயே குடியேறிவிட்டது. வீட்டுக்கு போன் செய்கிறவர்கள், "தம்பி, அம்மாகிட்ட குடு" என்பார்கள். அக்காவும் சளைக்காமல், "ஒரு நிமிஷம்" என்று சொல்லி, தொண்டையைச் செருமி, "ஹலோ, சொல்லுங்க" என்பார்.

ஆனால் ஆள் பரம சாது. பஸ்ஸில் தன் ஸ்டாப் வந்தால்கூட 'இறங்கணும்' என்று சத்தமாகச் சொல்லத் தெரியாமல், அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்து வருகிற ரகம். அப்படிப்பட்டவரைப் பேச வைத்தது அந்தப் பையன்தான். அவருடைய வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். வேலை செய்துகொண்டிருந்தபோது விழுந்து காலை முறித்துக்கொண்டார். கவனக்குறைவு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார் கம்பெனி அதிகாரி, இனி வேலைக்கு வர வேண்டாமாம். அக்கா அந்த ஆபீசுக்குப் போனார். ஒரு மணி நேரம் நின்றார். உட்காரச் சொல்ல ஆளில்லை. அதிகாரி கடைசியில் ஃபைலை மூடியதும் அக்காவின் வாயிலிருந்து பையன் பேசிவிட்டான்.

"பிரேக் சரியில்ல, மாத்துங்கன்னு அவர் மூணு தடவ எழுதிக் குடுத்தாரு. நீங்க மாத்தல. இப்ப பழிய அவர் தலைல கட்டுறீங்க. எழுதிக் குடுத்த மூணு காகிதமும் எங்கிட்ட இருக்கு. யார்கிட்ட காட்டணும்னு சொல்லுங்க, காட்டறேன்."

ஆபீசே திரும்பிப் பார்த்ததாம். அதிகாரி எழுந்து, அக்காவின் பின்னால் எந்தப் பையன் நிற்கிறான் என்று எட்டிப் பார்த்தாராம். வீட்டுக்காரருக்கு உதிரிபாக அறையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைத்தது. இதை என்னிடம் சொல்லும்போது அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் பேசல தம்பி. சத்தியமா நான் பேசல. அவன்தான் பேசினான்."

இப்படி இருக்கையில்தான் ஐந்தாம் பாகம் வந்து இறங்கியது.

பையன் வளர்ந்து தாடி விட்டிருந்தான். அதனால் அவனுக்கு ஆண்குரல். இதில் அக்காவுக்கு வருத்தமிருக்குமோ என்று நான் பயந்தேன். "வளர்ந்தா குரல் உடையும்தானே. எல்லா அம்மாவும் பாக்கறதுதான்" என்று சொல்லிவிட்டு, முதல் எபிசோட் ஒலி சேர்க்கும் நாளில் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

எனக்குத்தான் வயிறு எரிந்தது. இரும்புமலையை ஒரு கடைவளாகத்தின் வாசலில் நிறுத்தி, அதன் கால்விரலில் விளம்பரம் ஒட்டியிருந்தார்கள். புது ரோபோ ஒன்று, ஈர்க்குச்சிக்குப் பெயின்ட் அடித்தது போல. பழைய இரும்புமலையின் காலடிச் சத்தத்துக்காக நான் காலி இரும்பு டிரம்மின் மேல் மணல் மூட்டையைத் தூக்கித் தூக்கிப் போட்டு முதுகு பிடித்துக் கிடந்தவன். இந்தப் புதுசு நடந்தால் மைக்ரோவேவ் அடுப்பு சமைத்து முடித்த மாதிரி டிங் டிங் என்கிறது! அதை ஓட்டுகிறவனோ எந்நேரமும் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு தத்துவம் பேசுகிறான். எதிரி ஊரை இடித்துக்கொண்டிருக்கும்போதும் பேசுகிறான். நம் பையன் ஒரு மூலையில் குடித்துவிட்டு எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான். நான் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வேலையை முடித்தேன். அக்கா மட்டும், "பரவால்ல, உசிரோட இருக்கான்ல" என்றார்.

ஏழாவது எபிசோட் வந்ததும் மாப்பிள்ளை அக்காவுக்கு போன் போட்டார். மாப்பிள்ளை என்பது முதலாளியின் மருமகன், மேனேஜர். நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்.

"ஒரே ஒரு வரிக்கா. அஞ்சு நிமிஷ வேலை. சின்ன வயசு சீன், நீங்க பேசினாத்தான் ஒட்டும்."

அக்கா ஆசையாகத்தான் வந்தார். வளையலைக் கழற்றினார், வாட்சைக் கழற்றினார், கையை வயிற்றில் வைத்தார். நான் படத்தை ஓட்டினேன். முதல் பாகத்துக் காட்சிதான் அது. புதிதாக வரையக்கூட உடம்பு வணங்காத சோம்பேறிகள், பழைய ஷாட்டை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். எதிரிகள் பையனின் கூட்டாளிகள் மூன்று பேரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். பையன் இரும்புமலையை விட்டு இறங்கி, கையைத் தூக்கிக்கொண்டு தனியாக நடந்து வந்து சொல்கிறான்: "அவங்கள விட்டுடுங்க. என்னைய பிடிச்சுக்கோங்க." இந்தத் தொடரைப் பார்த்த எல்லோருக்கும் மனப்பாடமான வரி. பிள்ளைகள் விளையாட்டில் சொல்வார்கள், சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள்.

அக்கா தாளைப் பார்த்தார். "சார், இது தப்பா டைப் ஆயிருக்கு. வார்த்த இடம் மாறிக் கிடக்கு."

தாளில் இருந்தது: என்னைய விட்டுடுங்க. அவங்கள பிடிச்சுக்கோங்க.

மாப்பிள்ளை என் பக்கமிருந்து மைக்கை அழுத்தினார். "தப்பில்லக்கா. ட்விஸ்ட்டே அதான். அன்னிக்கு நாம பாத்தது அவனா கட்டிவிட்ட கதை. நெஜமா நடந்தது இது. கூட்டாளிங்கள காட்டிக்குடுத்துட்டுத் தப்பிச்சிருக்கான். அந்தக் குத்தம்தான் இப்ப அவன இப்படி ஆட்டி வைக்குது."

"அவன் அப்படி சொல்ல மாட்டான்."

"படத்துல சொல்றானேக்கா."

"அவன் வாய்தான் சார் அசையுது. சொல்றது நான்."

மாப்பிள்ளை சிரித்தார். "பொம்மப் படத்துக்குப் போய் இவ்வளவு பேசறீங்களே."

"உங்களுக்குப் பொம்ம. இவன வச்சுத்தான் நான் நாலு பேர் முன்னால நிமிந்து பேசவே கத்துக்கிட்டேன். என் குரல்ல இவன் இத சொன்னா நானே சொன்ன மாதிரி. அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் இன்னொருத்தர்கிட்ட நியாயம் கேக்கறது? பேச மாட்டேன் சார்." பிறகு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "தம்பி, நீ சொல்லேன். அவன் அப்படியா?"

நான் எந்தத் தேவையும் இல்லாமல் ஒரு குமிழைத் திருகிக்கொண்டிருந்தேன். முதல் எபிசோடில் வாய் ஓயாமல் திட்டியவன் நான். அக்கா வளையல்களை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டார். மைக் திறந்திருந்ததால் அந்தச் சத்தம் முழுவதும் என் காதுக்குள் விழுந்தது.

அவர் போனதும் மாப்பிள்ளை நாற்காலியை என் பக்கம் இழுத்தார். அவரை முட்டாள் என்று நினைத்திருந்தேன், இல்லை.

"பழைய ரெக்கார்டிங் இருக்குல்ல? அதே ஷாட்டு, அதே நீளம். ரெண்டு வார்த்தைய இடம் மாத்திப் போடு, முடிஞ்சுது."

"அக்காகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு..."

"ரெக்கார்டிங் நம்மளது. அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும். உன்னால முடியாதுன்னா சொல்லிடு, முடியறவன இந்த சீட்ல உட்கார வச்சுடறேன். அப்புறம் அவனே இருக்கட்டும்."

முடியாது என்று நான் சொல்லியிருக்கலாம். ஹார்ட் டிஸ்க் பழுதாகிவிட்டது என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம், பழுதாக்கியே இருக்கலாம். ஐந்தாம் பாகத்தை எழுதியவன் கிடைத்தால் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவேன் என்று டீக்கடையில் மேசையைத் தட்டியவன் நான். நான் இல்லாவிட்டால் இன்னொருவன் செய்யத்தான் போகிறான், கத்துக்குட்டி செய்தால் அக்காவின் குரல் இன்னும் கேவலமாகும் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வேலையில் இறங்கினேன்.

பதினோரு நிமிடம் ஆனது. 'என்னைய'வை வெட்டி முன்னால் வைத்தேன், 'அவங்கள'வைப் பின்னால். அக்கா நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன வரி, சத்தத்தைக் குறைத்ததும் கெஞ்சலாகிவிட்டது. இரண்டு வாக்கியத்துக்கும் நடுவே இரண்டாம் பாகத்திலிருந்து ஒரு விம்மலை எடுத்து வைத்தேன். காயம்பட்ட நண்பனைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது பையன் விம்மிய விம்மல் அது. அதை வைக்கச் சொல்லி மாப்பிள்ளை சொல்லவில்லை. இன்னும் நன்றாக இருக்குமே என்று நானாகத்தான் வைத்தேன். அந்த நேரத்தில் என் மனதில் அக்காவும் இல்லை, பையனும் இல்லை. ஒட்டு தெரியக் கூடாது என்பது மட்டும்தான் இருந்தது. இதை நினைத்தால் இப்போதும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

எபிசோட் வெளியானதும் பார்த்தவர்கள் காறித் துப்பினார்கள். கதையைத் துப்பினார்கள், புது ரோபோவைத் துப்பினார்கள், எழுதியவனின் ஏழு தலைமுறையை இழுத்தார்கள். ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் பாராட்டினார்கள். பையனுக்குப் பேசிய அம்மா அந்த ஒரு வரியில் உயிரைக் கொடுத்துப் பேசியிருக்கிறாராம், அந்த விம்மலில் உடம்பே நடுங்குகிறதாம். கடைசியில் ஓடும் பெயர்ப்பட்டியலில் அக்காவின் பெயரும் இருந்தது. அவருடைய வீட்டுக்காரரின் உதிரிபாக அறையில் வேலை செய்கிறவர்கள்கூட, "உங்க வீட்டம்மா பின்னிட்டாங்க" என்று கைகொடுத்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை அக்கா வந்தார். நான் பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். இப்போதெல்லாம் கம்ப்யூட்டரே குரலை உண்டாக்கிவிடுகிறது, அது எங்கே யார் செய்ததோ என்று சொல்லலாமென்று நினைத்திருந்தேன். அவர் செருப்பைக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்றார்.

"நீ வெட்டினதா?"

"மாப்பிள்ளதான்க்கா சொன்னாரு. அஞ்சு மணிக்குள்ள..."

"யாரு சொன்னாங்கன்னு கேக்கல."

"நான்தான்க்கா."

"ம். அந்த விம்மல் என்னுதுதான். நீ எங்கருந்து எடுத்தேன்னும் தெரியும்." குரல் உயரவில்லை. திட்டுவார் என்று பார்த்தேன், திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "ஒட்டு எங்கயும் தெரியல. எனக்கே ஒரு நிமிஷம், நாம பேசிட்டோமோன்னு ஆயிடுச்சு."

"அக்கா, நான் செய்யலன்னா என் வேலை..."

"தெரியுது." நான் உட்கார்ந்திருந்த நாற்காலியையும் மேசையையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டார்: "உன்ன விட்டுட்டாங்கல்ல?"

அக்கா மாடிப்படியில் இறங்கிப் போனார்.