தாட்சாயணியின் துவைகல்

திருப்பதிக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு சேர்ந்ததிலிருந்து ஹேமநாத் எந்தக் கல்லையும் சும்மா விட்டதில்லை. ஊருக்கு வரும்போது கார்வேட்டிநகரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மைல்கல்லைக்கூட ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு நடப்பான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் கண், அம்மா துணி துவைக்கிற கல்லில் விழுந்தது. ஓரத்தில் ஏதோ கீறல் தெரிந்தது. ஒரு டப்பா கோலமாவை முழுக்கக் கொட்டித் தேய்த்தான். பழைய தமிழ் எழுத்து வெள்ளை வெளேரென்று எழுந்து வந்தது.

“இன்னாடா எழுதிக்கீது?” என்றாள் தாட்சாயணி. கையில் ஊறிய போர்வை சொட்டிக்கொண்டிருந்தது.

“ஏரிக்கு நெலம் உட்டதுக்கு நட்ட கல்லும்மா. இதுக்குக் கெடுதல் பண்றவன் கங்கைக் கரையில பசுவைக் கொன்ன பாவத்துல போவானாம்.” சொல்லும்போதே அவனுக்குப் புல்லரித்தது.

“இருவது வருசமா இதும்மேல அடிச்சிக்கினு கீறேனே, எத்தினி மாடுடா ஆவும்?”

உடனே கணவனையும் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவரையும் கூப்பிட்டுக் கல்லைக் குப்புறப் புரட்ட வைத்தாள். எழுத்து மண்ணுக்குள் போனது. அவள் நிம்மதியாகப் போர்வையை எடுத்தாள்.

ஹேமநாத் மேலே வந்த பக்கத்தின் சேற்றைத் துடைத்தான். அங்கே முழுக்க எழுத்து, முதல் பக்கத்தைவிடத் தெளிவாக. சந்தோஷத்தில் அவன் வாயைத் திறந்தான்.

“காலேஜுல எவ்ளோ வேணா படி, வீட்ல படிக்காத,” என்றாள் தாட்சாயணி. “நீ படிக்காத வரைக்கும் இது வெறும் கல்லுதான்.”

போர்வையை ஓங்கி அடித்தாள்.