சத்தம் வந்த பின்னேரம்

யாராவது பேய்க்கதை தொடங்கினால் எழுந்து போய் உலையைப் பார்க்கிற ஆள் நான். யாழ்ப்பாணத்தில் பிறந்து கண்டியில் முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவள், வழி எழுதாமல் விடையை மட்டும் எழுதினால் புள்ளி போட மாட்டேன். இந்த ஒன்றுக்கு மட்டும் என்னிடம் விடைதான் இருக்கிறது, வழி இல்லை. நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன்.

யுத்த காலம். கட்டுகஸ்தோட்டையில் ஒரு வீட்டின் மேல்மாடியில் நானும் என் கணவரும் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்கார அம்மா, சிங்களவர், தனியாக இருந்தார். எங்கள் டிவியின் ஸ்பீக்கர் எப்போதோ செத்துவிட்டது. வெளிநாடு போன நண்பர் ஒருவர் விட்டுப்போன ரிசீவர் ஒன்று இருந்தது, ரேடியோவும் அம்ப்ளிஃபயரும் சேர்ந்த பாரமான பெட்டி. டிவியிலிருந்து அதற்கு வயர் இழுத்து அதன் இரண்டு ஸ்பீக்கர்களில்தான் சத்தம் கேட்போம். ஒரு வியாழக்கிழமை என் கணவர் அந்தப் பெட்டியை ஜன்னலடியிலிருந்து அலுமாரிப் பக்கம் மாற்றி வைத்தார். வயர்களைத் திரும்பக் குத்தினால் படம் வருகிறது, சத்தம் இல்லை. அடுத்த நாள் காலை நான்தான் பிடிவாதம் பிடித்தேன், செய்தி கேட்க வேண்டும், டவுனுக்குப் போய்ப் புது வயர் வாங்கி வாருங்கள் என்று.

"உனக்குப் பொறுமையே இல்லை. சரி, வாறன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனவர்தான்.

பாலத்தடிச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்துத் தமிழ் ஆட்களை இறக்கி, அவரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டுக்கார அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பொலிஸ் பொலிஸாக ஏறி இறங்கினார். இங்கே இல்லை, இங்கே இல்லை, அவ்வளவுதான் பதில். ஒரு வயருக்காக மனிசனை அனுப்பினேனே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான்காம் நாள், திங்கட்கிழமை, பின்னேரம் மூன்று மணி இருக்கும். மழை விட்டு, மகாவலி ஆற்றுப் பக்கமிருந்து புகார் வெள்ளை மூடுபனியாக ஏறி வந்து ஜன்னல் கம்பியெல்லாம் நனைந்திருந்தது. வீட்டில் ஏதாவது அசையட்டும் என்று டிவியைப் போட்டு வைத்திருந்தேன், ரிசீவரிலும் சிவப்பு வெளிச்சம் எரிந்தது. திரையில் ஒரு பெண் சத்தமில்லாமல் சமைத்துக்கொண்டிருந்தாள். நித்திரை கொள்ளாத கண், கதிரையில் சாய்ந்தேன். தூங்கினேனா என்று கேட்டால் தெரியாது. புகார் உள்ளேயும் வந்துவிட்டது போல, அறை பால் நிறமாகி, சுவரும் அலுமாரியும் குளத்துக்கு அடியில் கிடந்து மெல்ல ஆடுவது போல இருந்தது, எனக்கு உடம்பே பாரமில்லை.

அப்போது இரண்டு ஸ்பீக்கர்களிலும் யாரோ பேசினார்கள்.

"அக்கா, வயர் நல்ல வயர்தான். மாத்திக் குத்தியிருக்கு. பெட்டிக்குப் பின்னால பாருங்க, சத்தம் வெளிய போற ஓட்டையில இருக்கு. உள்ள வர்ற ஓட்டையில குத்துங்க. அவசரமில்ல, மெதுவா குத்துங்கக்கா."

மலையகத் தமிழ், இளம் குரல். என் கணவருடையது இல்லை, எனக்குத் தெரிந்த ஒருவருடையதும் இல்லை. நம்பினால் நம்புங்கள், பயம் துளியும் வரவில்லை, பக்கத்துக் கதிரையிலிருந்து தம்பி ஒருவன் சொல்வது போல அவ்வளவு சாதாரணம். எழுந்து போய்ப் பெட்டிக்குப் பின்னால் குனிந்து, எழுத்தைப் பார்த்து, சிவப்பையும் வெள்ளையையும் பிடுங்கிப் பக்கத்து ஓட்டைச் சோடியில் குத்திவிட்டு, முன்னுக்கு வந்து சத்தத்தைத் திருகினேன். சமைக்கிற பெண்ணின் சிரிப்பு வீட்டையே அதிர வைத்தது.

வீட்டுக்கார அம்மா மேலே ஓடி வந்தார். அந்த நிமிடமே அவரிடம் சொன்னேன், அவர்தான் எனக்குச் சாட்சி. "கனவு கண்டிருப்பாய் மகள்" என்று சிங்களத்தில் சொல்லித் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார்.

பதினோராம் நாள் என் கணவர் வந்து சேர்ந்தார். பாதி ஆளாக வந்தார். குளித்து, சாப்பிட்டு, அதற்குப் பிறகுதான் டிவியில் சத்தம் வருவதைக் கவனித்தார்.

"ஆரைக் கூப்பிட்டுத் திருத்தினனீ?"

"ஒருத்தரையும் இல்லை. பின்னாலை மற்றச் சோடியிலை மாத்திக் குத்தினனான்."

அவர் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். "அவனும் இதைத்தான் சொன்னவன், வதனி."

அவன் என்றால் தங்கராஜ். பன்விலத் தோட்டத்துப் பிள்ளை, இருபத்தைந்து வயதிருக்கும், டவுனில் ரேடியோ திருத்துகிறவன். ஆறாம் நாள் அவனைக் கொண்டுவந்து இவரோடு ஒரே அறையில் போட்டிருக்கிறார்கள். பயத்தை மறக்க எதையாவது பேச வேண்டுமே, இவர் சத்தம் வராத ரிசீவர் கதையைச் சொல்லியிருக்கிறார். அவன் கேட்டுவிட்டுச் சிரித்தானாம். "வெளிய போற ஓட்டையில குத்தியிருப்பீங்கண்ணே. உள்ள வர்ற ஓட்டையில குத்தச் சொல்லுங்க அக்காவ." எட்டாம் நாள் அவனை மட்டும் வேறு வாகனத்தில் ஏற்றினார்கள். போகும்போது, வெளியே போனால் பன்விலவில் என் அக்காவைப் போய்ப் பாருங்கள் என்று தோட்டத்து லயத்தில் எந்த வீடு என்று விவரம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

நான் விரல் விட்டு எண்ணினேன். எனக்குக் குரல் வந்தது நான்காம் நாள். அன்றைக்கு இவர்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பன்விலவுக்குப் போனோம். தங்கராஜின் அக்கா எங்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். தம்பியை வளர்த்ததே அவர்தானாம். என் கணவர் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். குரலைப் பற்றிச் சொல்வதா விடுவதா என்று தயங்கிக் கடைசியில் நானும் சொன்னேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

"அது எந்த நாளுங்க?"

"திங்கட்கிழமை. பின்னேரம் மூண்டு மணி இருக்கும்."

"திங்கக்கெழம அவன் இங்கதாங்க இருந்தான். காச்சல்னு வேலைக்குப் போகல. மறுநா விடியக்காலைலதான் வந்து புடிச்சிட்டுப் போனாங்க. அன்னைக்கி இந்தக் கட்டில்ல படுத்துக்கிட்டுத் தூக்கத்துல பேசுனான். வயரு, ஓட்டை, மெதுவா குத்துங்கக்கான்னு. காச்சல்ல ஒளறுறான்னு நெத்தியில துணிய நனைச்சுப் போட்டேன்."

பிறகு என்னை நேராகப் பார்த்தார்.

"கடைசியா ஒன்னு சொன்னானே, அது ஒங்களுக்குக் கேட்டுச்சாங்க?"

"என்ன?"

"'நான் வர மாட்டேங்க்கா'ன்னான். என்கிட்டத்தான் சொல்றான்னு நெனச்சு, எங்கடா வர மாட்டேன்னு கேட்டேன். திரும்பிப் படுத்துக்கிட்டான். ஒங்ககிட்ட சொன்னானா, என்கிட்ட சொன்னானா?"

எனக்குக் கேட்கவில்லை என்றேன். அது உண்மைதான், அதற்குள் நான் சத்தத்தைத் திருகிவிட்டிருந்தேன். ஆனால் அந்தச் சிரிப்பு எழும்புவதற்குச் சற்று முன்னால், ஸ்பீக்கரில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தது எனக்குக் கேட்டது. இன்னும் ஏதோ சொல்ல வருகிற ஒருவர் இழுக்கிற மூச்சு. அதை நான் தங்கராஜின் அக்காவிடம் சொல்லவில்லை.

அந்தப் பிள்ளை இன்றுவரை வரவில்லை. இப்போதும் எந்த வீட்டில் டிவியைப் போட்டாலும், படம் வந்து சத்தம் வராத அந்த ஒரு கணத்தில், சத்தத்தைத் திருகாமல் கையை எடுத்துவிட்டு நான் காத்திருக்கிறேன்.