கொழுத்த கன்றுகள்

வாழை ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு ‘ஆசிட்’ என்று பெயர். வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. வாயைத் திறந்தால் எதிரே நிற்பவருக்கு எங்காவது பொத்தல் விழும். கை கழுவாமல் உள்ளே வந்த ஆய்வு மாணவியை அழவைத்து வெளியே அனுப்புவாள். அழுதுவிட்டுத் திரும்பினால், கண்ணைத் துடைத்த கையை மறுபடி கழுவச் சொல்வாள். ஆனால் அவள் மூடிய பாட்டிலில் பூஞ்சை பூத்து யாரும் பார்த்ததில்லை. மற்றவர்களுக்கு அதுதான் பெரிய எரிச்சல்.

அவள் வேலைக்குச் சேர்ந்தபோது திசு வளர்ப்பு என்று அங்கே இருந்தது ஒரு பிரஷர் குக்கரும் ஒரு கண்ணாடிப் பெட்டியும்தான். வாழைக் குருத்தின் நுனியைப் பட்டாணி அளவு வெட்டி அகார் கூழில் நடுவாள். அது கருத்துச் சாகும். மறுபடி வெட்டுவாள். இளமையெல்லாம் இப்படியே போயிற்று. வாடல் நோய்க்கு அசராத ஒரு ரகத்தை வயல் வயலாக அலைந்து பிடித்து, பாட்டிலில் பெருக்கிக் காட்டியவள் அவள். கட்டுரை வெளிவந்தபோது முதல் பெயராக இருந்தது இயக்குநரின் பெயர். வாழையையும் கல்வாழையையும் பக்கத்தில் வைத்தால் திருதிருவென்று முழிக்கிற மனிதர் அவர். அன்றிலிருந்து இருவருக்கும் ஏழாம் பொருத்தம்.

வீட்டிலும் பகைதான். அப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது அவள் கூடத்தில் பாட்டிலுக்குப் பாட்டில் கன்று மாற்றிக்கொண்டிருந்தாள். தம்பி போன் மேல் போன் போட்டான். கையுறை போட்டிருந்தவள் எடுக்கவில்லை. வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. “போ, உன் பாட்டிலைக் கட்டிக்கிட்டு அழு” என்றான். அவனுக்கு வாழைத் தோட்டம் இருந்தது. அதன்பிறகு அவள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

பாட்டிலில் கிளம்பும் முளைகளைப் பிரித்து அடுத்த பாட்டிலுக்கு மாற்றுவது ஒரு சுற்று. எட்டுச் சுற்று ஆனதும் ஆசிட் மிச்சத்தையெல்லாம் குப்பையில் கொட்டிவிட்டு, வயலில் நிற்கும் தாய் மரத்திலிருந்து புதிதாகத் தொடங்குவாள். அதற்கு மேல் போனால் கன்றின் குணம் மாறும். கூடத்தில் விற்கும் கன்றுக்கு விவசாயிகளிடையே அடிதடியாக இருந்த ஒரு வருடம் இயக்குநருக்குக் கொட்ட மனம் வரவில்லை.

“நல்லா வளர்றதை எதுக்கும்மா கொட்டணும்?” என்றார் கூட்டத்தில்.

“வளரும் சார். குலை தள்ளாது.”

“எல்லாம் உங்க கையிலயே இருக்கணும். அதான உங்க பிரச்சினை?”

எல்லோரும் சிரித்தார்கள். அவளிடம் வேலை கற்றவர்களும் சிரித்தார்கள். கன்று பெருக்கும் பொறுப்பைப் பிடுங்கி, மரபணு ஆய்வு நடக்கும் அறையில் ஒரு மூலையைக் கொடுத்தார்கள்.

சில மாதம் கழித்து நிழல்வலைக் கூடம் வழியாகப் போனவள் நின்றாள். விற்பனைக்கு வைத்திருந்த தட்டுகளில் நடுநடுவே குட்டையாக, தண்டு தடித்து, கரும்பச்சையாகக் கண்ணைப் பறிக்கும் கன்றுகள். வந்தவர்கள் அவற்றைத்தான் போட்டி போட்டுப் பொறுக்கினார்கள். அவளுக்கு ஒரு பார்வை போதும். எல்லாம் குணம் கெட்டவை. அங்கேயே ஒரு சத்தம் போட்டிருந்தால் விற்பனை நின்றிருக்கும். போடவில்லை. நாறட்டும் அந்த ஆளின் பெயர், பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தாள். சந்தோஷமாகவே நினைத்தாள். அன்று மதியம் இரண்டு கவளம் கூடவே இறங்கிற்று.

குலை தள்ள வேண்டிய காலத்தில் தம்பி ஆராய்ச்சிக்கூடத்தின் வாசலில் வந்து நின்றான். தோளில், வேரோடு பிடுங்கிய ஒரு குட்டை வாழை.

“என்னக்கா இது? தோட்டம் பூரா இப்படித்தான் நிக்குது. ஒண்ணுகூடக் குலை தள்ளல.”

அவள் அதன் தடித்த தண்டைத் தொட்டுப் பார்த்தாள். “எங்ககிட்டயா வாங்குன?”

“வேற எங்க வாங்குவேன்? உன்கூடப் பேசமாட்டேன், அது வேற. கன்னு விஷயத்துல நீ யாரையும் ஏமாத்தமாட்டே. நோஞ்சானையெல்லாம் ஒதுக்கிட்டு, கொழுகொழுன்னு இருந்ததாப் பாத்து நானே பொறுக்குனேன்.”

ஒதுக்கியவைதான் நல்ல கன்றுகள்.

“கொட்டச் சொன்னேன்டா. அந்த ஆளு கேக்கல.”

“விக்கிறப்ப நீ பாத்தியா?”

“பாத்தேன்.”

“பாத்ததுமே தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது. நீ வாங்குவேன்னு எனக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சிருந்தா ஓடி வந்திருக்கமாட்டேனா?”

தம்பி மரத்தைக் கீழே போட்டான். “அப்ப வேற எவனாவது வாங்கி நாசமாப் போனா உனக்குப் பரவாயில்ல?”

“அப்படியில்லடா, அந்த ஆளு செஞ்ச...”

“அவனை விடு. அவனுக்கு ஒண்ணும் தெரியாது, வித்தான். உனக்குத் தெரியும்.”