ஏழு முகங்களுக்கும் கண் திறந்தது நான்தான்

செஞ்சிக் கோட்டைக் களஞ்சியத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஏழு காகித முகங்களுக்குக் கண் திறந்தது நான்தான். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். எங்கள் தெருவில் வேறு மாதிரி சொல்கிறார்கள். கடைகளுக்கு போர்டு எழுதும் பெயின்டர் திறந்தார், நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தேன் என்று. அப்படிச் சொன்னால் எங்கள் வீட்டுக்கு மரியாதை என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது. எனக்கு அந்த மரியாதை வேண்டாம்.

என் தம்பி மெட்ராஸில் கல்லூரியில் படிக்கிறான். போன வருஷம் பொங்கல் கழிந்து அவனும் அவன் சிநேகிதர்களும் ஒரு கேமராவை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்தார்கள். பத்து நிமிஷப் படம் எடுக்கப் போகிறார்களாம். பாட்டு கிடையாது, பேச்சு கிடையாது, நடிகர் என்று யாரும் கிடையாது.

"இதை யாருப்பா பாப்பாங்க?" என்று கேட்டேன்.

"யாரும் பாக்க மாட்டாங்கக்கா. அந்த தைரியத்துலதான் எடுக்கறோம்" என்றான் கேமரா வைத்திருந்த பையன். கண்ணாடி போட்டவன். கதையும் அவனுடையதுதான்.

கதை இதுதான். வாயே இல்லாத ஏழு பேர் ராஜகிரி மலையிலிருந்து இறங்கி வருகிறார்கள். கோட்டைக் களஞ்சியத்துக்குள் நுழைகிறார்கள். உள்ளே ஒரு மணி நெல் இல்லை. திரும்பி மலையேறிப் போய்விடுகிறார்கள். ஊரே கார்டைப் பிடித்துக்கொண்டு ரேஷன் கடை வாசலில் நின்ற காலம் அது. புரியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவர்கள் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது சமையலறை ஆணியில் தொங்கிய முகத்தைப் பார்த்துவிட்டார்கள். அது என் மகளுக்காகச் செய்தது. அப்போது அவளுக்கு மூன்று வயது நிறையவில்லை. ஒரு வாய் சோறு இறங்க ஒரு மணி நேரம் ஆகும். எங்கள் பக்கத்துப் பெண்கள் பழைய காகிதத்தை ஊறவைத்து, வெந்தயத்தோடு சேர்த்து அரைத்து, கவிழ்த்த பானைமேல் அப்பிக் காயவைத்துக் கூடை செய்வோம். வெந்தயக் கசப்புக்குப் பூச்சி அண்டாது. எங்கள் மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்கப் பழைய பேப்பர் கட்டுக்கட்டாக இருக்கும். ஒரு முறை மிஞ்சிய கூழில், கண்ணை மூடித் தூங்குகிற மாதிரி ஒரு முகம் செய்தேன். "அது முழிக்கறதுக்குள்ள சாப்டு. முழிச்சுதுன்னா உன் சோத்தைக் கேக்கும்" என்று சொல்லி ஊட்டினேன். அவள் சாப்பிட்டாள். குழந்தையைப் பயமுறுத்திச் சோறு ஊட்டலாமா என்று அன்று ராத்திரியே எனக்குக் கவலை வந்துவிட்டது. மறுநாளும் அதையேதான் சொன்னேன்.

"இந்த மாதிரி ஏழு வேணும்க்கா. செய்ய முடியுமா?" என்று கேட்டான் கண்ணாடிப் பையன்.

முடியும் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் யாரையும் கேட்காமல் நான் சொன்ன முதல் சொல் அதுவாகத்தான் இருக்கும். பதினைந்து நாளில் திரும்பி வருவதாகச் சொல்லி அவர்கள் மெட்ராஸ் போனார்கள்.

என் மாமியாருக்கு மூன்றாம் நாள், தொட்டியில் ஊறிய காகிதத்தைப் பார்த்ததும் விஷயம் தெரிந்தது.

"இன்னாடி இது? ஊரே அரிசிக்கு அலையுது, நீ வெந்தயத்த அரைச்சி மூஞ்சிக்கு அப்பினு இருக்கற?"

"மழையில நனைஞ்சு வீணாப்போன வெந்தயம் அத்தை. கடையில தள்ளி வெச்சது."

"வீணாப்போனது வெந்தயம் மட்டுமா?"

உள்ளே இருந்த ஆட்டுக்கல்லைத் தொடக் கூடாது என்றார். சரியென்று கொல்லையில் கிடந்த பழைய உரலில் இடித்தேன். சமையல், துணி, பாத்திரம், குழந்தை எல்லாம் முடித்து, மத்தியானம் எல்லோரும் படுக்கிற நேரத்தில்தான் உரலுக்கு வருவேன். யாரும் ஒரு குறை சொல்லக் கூடாது என்று வழக்கத்தைவிட அதிகமாகவே வீட்டு வேலை செய்தேன். அதைப் பார்த்து மாமியார், "இவளுக்கு எங்கருந்து வருது இவ்ளோ தெம்பு?" என்று அதையும் குறையாகவே சொன்னார்.

பானைமேல் அப்புவதால் எல்லா முகமும் பானை மாதிரியே வந்தது. மூக்கையும் கன்னத்தையும் கூழ் வைத்துத் தனித்தனியாக ஏற்றினேன். யார் முகத்தை வைப்பது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ரேஷன் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஏழு பேர் நினைவில் இருந்தார்கள். ஒருவருக்குக் கன்னம் உள்ளே போயிருந்தது. ஒரு அம்மாளுக்கு நெற்றி முழுக்க முன்னால் தள்ளியிருந்தது. வாயை இல்லாமல் செய்வதுதான் சிரமம். கன்னத்தைச் செய்துவிட்டால் வாய் தானாக வந்து நிற்கும். கட்டைவிரலைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு அதைத் தேய்த்து அழிப்பேன். புளியங்கொட்டைப் பசையில் பழைய வேட்டித் துணியை நனைத்து உள்பக்கம் ஒட்டினேன். மேலே சுண்ணாம்பு. உடைக்குக் கடையிலிருந்து கோணிப் பைகளை எடுத்துப் பிரித்துத் தைத்து, செம்மண்ணில் முக்கினேன். "கலர் வீண்கா, படத்துல சிவப்பு கறுப்பாத்தான் விழும்" என்று தம்பி கடிதம் எழுதினான். படத்தில் எப்படியோ விழட்டும், போட்டுக்கொள்கிறவனுக்குச் சிவப்பு என்று தெரியுமே என்று முக்கினேன்.

கண் வைக்கும் நேரம் வந்தபோது மாமியார் கொல்லைக் கதவில் வந்து நின்றார்.

"கண்ணு தொறக்கப் போறியா?"

"ஆமா அத்தை. போடறவங்களுக்கு வழி தெரியணுமில்ல."

"மண்குதிரை செய்றவங்க சூளையாண்டயே கண்ணு தொறப்பாங்களா? கோயிலாண்ட எடுத்துனு போயித்தான் தொறப்பாங்க. கண்ணு தொறந்தா அதுக்குப் பசி வந்துடும். வீட்டுல பச்சக் கொழந்தை இருக்குது. நெனச்சிப் பாத்தியா?"

எனக்கு எஸ்.எஸ்.எல்.சி. வரை படிப்பு. விஞ்ஞானத்தில் நல்ல மார்க். இருந்தும் குழந்தை விஷயத்தில் என் படிப்பு எப்போதும் ஒரு அடி பின்னால்தான் வரும். "சரி அத்தை. வீட்டுல தொறக்க மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தேன்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் கடையிலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் முடித்துவைத்தார்.

"பெயின்டர்கிட்ட சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை கோட்டையில வந்து கண்ணு வெட்டிக் குடுத்துடுவாரு. முகத்தையெல்லாம் மூட்டையாக் கட்டிக் குடு. அதோட உன் வேலை முடிஞ்சுது."

அந்த வாரம் முழுக்க யோசித்தேன். காய்ந்த காகிதத்தை வெளியிலிருந்து பிளேடு வைத்து அறுத்தால் சுண்ணாம்பு விள்ளும், விரிசல் மூக்குவரை ஓடும். உள்பக்கத் துணியை ஈரம் செய்து, கோணி ஊசியால் ஓட்டை போட்டு, அந்த ஓட்டையிலிருந்து வளைத்து வெட்ட வேண்டும். எந்தக் கண் எவ்வளவு தடிமன் என்று என் விரலுக்குத்தான் தெரியும். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி பெயின்டரிடம் கொடுக்கலாம். கொடுத்தால் அவர் கெட்டிக்காரர், செய்துவிடுவார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கண் இல்லாமல் அவை வெறும் பானை மூடி. அந்தக் கடைசி வெட்டை இன்னொருவர் கையில் கொடுத்தால் பதினைந்து நாளும் நான் பானை மூடிதான் செய்திருக்கிறேன்.

நான் கொடுத்த வாக்கைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். வீட்டில் திறக்க மாட்டேன். அவ்வளவுதான் சொல்லியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தம்பியும் மற்றவர்களும் விடியற்காலையிலேயே கேமராவோடு கோட்டைக்குப் போய்விட்டார்கள். நான் இட்லி வைத்து, மத்தியானக் குழம்பும் வைத்து, அடுப்பை மெழுகிவிட்டு, ஏழு மணிக்குப் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றேன்.

"அத்தை, கோட்டைக்குப் போயிட்டு வரேன். வீட்டுல தொறக்கக் கூடாதுன்னீங்க. அங்க போயி தொறந்துட்டு வரேன்."

மாமியார் நிதானமாக, "போ. கொழந்தையயும் தூக்கினு போ. நான் பாத்துக்க மாட்டேன்" என்றார்.

அதைக் கேட்டால் நின்றுவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். ஏழு முகத்துக்குக் கண் திறக்கிற இடத்துக்குக் குழந்தையைக் கொண்டுபோவேனா? எனக்கே தெரியவில்லை. வாசற்படிவரை போய்த் திரும்பி வந்தேன். மகள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "நானும்மா" என்றாள். தூக்கிக்கொண்டேன். மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டேன். ஏழு முகமும் சேர்ந்து அவளில் பாதிக் கனம்கூட இல்லை.

கடைத்தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். பூ விற்கிற அம்மாள் மட்டும் வாய் திறந்து கேட்டாள்.

"இன்னாம்மா, மூட்டையக் கட்டினு கோட்டைக்குப் போற? ராஜா திரும்ப வந்துட்டாரா?"

இப்போது எழுதும்போது பத்துப் பதில் தோன்றுகிறது. அப்போது தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். ஆனால் நடந்தேன். எங்கள் கடைக்கு முன்னால் வந்ததும் என் வீட்டுக்காரர் தராசை அப்படியே விட்டுவிட்டு இறங்கி வந்தார். மூட்டையை வாங்கிக்கொள்ளப் போகிறார் என்று இறுக்கிப் பிடித்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், குழந்தை கையில் ஒரு பொரிப் பொட்டலத்தைக் கொடுத்தார்.

"வெயில் ஏறதுக்குள்ள வந்துடு" என்றார். என்னிடம் சொன்னாரா, குழந்தையிடம் சொன்னாரா என்று இன்றுவரை கேட்டுக்கொள்ளவில்லை.

களஞ்சியத்துக்கு முன்னால் வேப்பமர நிழலில் பெயின்டர் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீ எதுக்கும்மா இவ்ளோ தூரம்? அண்ணன் என்கிட்ட சொல்லிட்டாரே."

"நானே பண்ணிக்கறேன்."

"பொம்பளைங்க கண்ணு தொறக்கற வழக்கமில்லம்மா."

"பொம்பளைங்க இந்த மாதிரி முகம் செய்யற வழக்கம் இருக்குதா?"

அவர் நேர்மையாக யோசித்தார். "அதுவும் இல்ல."

"அப்ப வழக்கம் போயி பதினஞ்சு நாளாவுது."

அவர் சிரித்துவிட்டார். ஆனால் போகவில்லை. முகம் போடப்போகிற ஏழு பையன்களும் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவருக்கும் கண்ணுக்குக் கண் எவ்வளவு தூரம், மூக்கிலிருந்து எவ்வளவு உயரம் என்று நூல் பிடித்து அளந்தேன். முன்பின் தெரியாத பையன்கள் முகத்திலெல்லாம் என் விரல் பட்டது. அதையும் தெருவில் சொல்லியிருப்பார்கள். சொல்லட்டும்.

முதல் முகத்தை மடியில் கவிழ்த்து ஈரம் செய்தேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஊசி ஏறும் நேரத்தில் முந்தானையை இழுத்து அவள் முகத்தை மூடினேன். அதை எழுதாமல் மறைக்க விரும்பவில்லை. படித்தவள்தான், மூடினேன். இரண்டு கண்ணும் வெட்டி முடித்து நிமிர்ந்தால், முந்தானைக்கு வெளியே தலையை நீட்டி முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

மூன்றாவது முகத்தில், "இடது கண்ணு மேல ஏறுது பாரு" என்றார் பெயின்டர். இல்லை என்றேன். ஏறித்தான் இருந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

என் தம்பி ஒன்றைப் போட்டுக்கொண்டு குழந்தைக்கு முன்னால் குந்தினான். அவள் அலறப்போகிறாள் என்று எழுந்தேன். அவள் பொட்டலத்தைப் பிரித்தாள்.

"முழிச்சிகிச்சி. பசிக்குதாம்" என்று ஒரு கைப் பொரியை எடுத்து முகத்தில் அமுக்கினாள். வாய் இல்லாததால் கண்ணுக்குள் திணித்தாள்.

"அய்யோ, கண்ணு, கண்ணு!" என்று தம்பி துள்ளினான். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. ஏழு முகத்தையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"இதுக்கு வாயே இல்லியேம்மா. எப்டி சாப்டும்?"

நான் கடைசி முகத்தைக் கையில் எடுத்தேன். ரேஷன் வரிசை அம்மாளின் முகம் அது, நெற்றி தள்ளியது. ஊசியை எடுத்து, கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்து நான் அழித்த இடத்திலேயே குத்தினேன்.

"அக்கா, அக்கா! வாயில்லாத ஜனங்கதான் கதையே!" என்று கண்ணாடிப் பையன் ஓடி வந்தான்.

"எதுக்குப்பா களஞ்சியத்துக்கு வராங்க? சாப்பிடத்தானே? ஏழு பேர்ல ஒருத்தராவது வாயோட வரட்டும்."

"படம் கெட்டுடும்க்கா."

"யாரும் பாக்காத படம்னு நீதான சொன்ன?"

வெட்டி முடித்தேன். வாய் கோணலாக வந்தது. திறந்தே இருந்தது. பையன் அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தான், வெயிலைப் பார்த்தான், பிறகு, "சரி, இது கடைசியா வரட்டும்" என்றான். அடுத்தவன் கதையில் கைவைக்க நான் யார் என்று பிறகு பல நாள் யோசித்தேன். கதை அவனுடையது. முகம் என்னுடையது. இதற்குமேல் எனக்குப் பதில் தெரியவில்லை.

நாங்கள் வீடு வந்தபோது வெயில் ஏறிவிட்டது. மாமியார் உப்பும் மிளகாயும் கையில் வைத்துக்கொண்டு தயாராக இருந்தார். குழந்தைக்குச் சுற்றினார். நான் உள்ளே போகப் பார்த்தேன்.

"நீயும் உக்காருடி. ஊரே பாத்துச்சில்ல?"

உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் மகளுக்குச் சளி பிடித்தது. "நான் சொல்லல?" என்றார். தை மாசப் பனி என்றார் டாக்டர். நான் டாக்டரை நம்பினேன். சளி விடும்வரை நாளையும் எண்ணினேன்.

ஆறு முகங்கள் மெட்ராஸ் போயின. வாய் வைத்ததை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். திறந்த கண்ணை வீட்டுக்குள் கொண்டுவர மனசு வரவில்லை, கொல்லைக் கிணற்றுத் தூணில் மாட்டியிருக்கிறேன். மகள் தினமும் அதற்கு ஊட்டிவிட்டுத் தானும் சாப்பிடுகிறாள். கீழே சிந்தியதை அணில் தின்கிறது. "வாய வேற வெட்டி வெச்சிட்ட, இருக்கற அரிசியில இதுக்கும் பங்கா?" என்று மாமியார் தினமும் கத்துகிறார். கழற்றச் சொல்லவில்லை.

படத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. போன வாரம் தம்பியிடமிருந்து கார்டு வந்தது. அடுத்த படத்துக்குப் பெரிய பெரிய கைகள் வேண்டுமாம், பன்னிரண்டு. முகமும் ஐந்து. கண் வெட்ட அங்கேயே ஆள் வைத்துக்கொள்கிறார்களாம், எனக்குச் சிரமம் வேண்டாமாம்.

பதில் கார்டில் இரண்டு வரிதான் எழுதினேன். கண்ணை நான்தான் திறப்பேன். அதற்குச் சம்மதமென்றால் மட்டும் வா.

அவன் பதில் இன்னும் வரவில்லை. காகிதத்தை நேற்றே தொட்டியில் ஊறப்போட்டுவிட்டேன். இந்த முறையும் யாரையும் கேட்கவில்லை.